வேகமாக வாசிக்க ஒரு வழி: மெட்ரோனோம் 60-லேயே இருக்கட்டும்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கினாலே கிட்டார், கீபோர்டு வாசிக்கிற பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, ஸ்பீடு எப்படி வரும்?" பலர் மெட்ரோனோமை (சீராகத் தட்டித் தாளம் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டிலிருந்து நேரே 100-க்கு ஏற்றிவிடுகிறார்கள். கை இறுகி, ஸ்வரங்கள் குழம்பிவிடும்.

60-லேயே வைத்து, ஸரிகமபதநிஸ ஏறி இறங்குங்கள். முதலில் தட்டுக்கு ஒரு ஸ்வரம். பிறகு இரண்டு, 'தக'. அடுத்து மூன்று, 'தகிட'. அப்புறம் நான்கு, 'தகதிமி'. வாயால் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். வாயில் சமமாக வராதது விரலிலும் வராது. தட்டு மாறவில்லை, ஆனால் நிமிடத்துக்கு 60 ஸ்வரம் என்பது 240 ஆகிவிட்டது.

தடுமாற்றம் பெரும்பாலும் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்தான். தகிடவில் கடைசி ஸ்வரத்தை இழுத்துவிடுவோம். அது ஒரு ஸ்வரம் விடுபட்ட தகதிமி மாதிரி கேட்கும். இரண்டு தட்டு தகிட, இரண்டு தட்டு தகதிமி என்று மாற்றி மாற்றி இதற்கு மட்டும் தினமும் கொஞ்ச நேரம் கொடுங்கள். இதைத் தாண்டினாலே பாதி வேலை முடிந்தது என்பேன்.

கிட்டார்காரர்கள் பிக்கை (கம்பியை மீட்டும் சிறு வில்லை) கீழும் மேலும் மாற்றி மாற்றியே அடியுங்கள். தகிடவில் இரண்டாவது தட்டின் முதல் ஸ்வரம் மேல்நோக்கி விழும், அதுதான் சரி.

நான்கும் சுத்தமாக வந்தபின் 64-க்குப் போகலாம். பிசிறு தட்டினால் மறுபடி 60.

போனில் உள்ள இலவச மெட்ரோனோமே போதும். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள்; மறுகாதில் உங்கள் வாசிப்பு கேட்க வேண்டும்.