லொத் பள்ளத்தாக்கில் கிராவல் சைக்கிளா? தண்ணீருக்கு ஒரு வழி

தென்மேற்குப் பிரான்ஸில் லொத் ஆற்றோரச் சரளைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது தண்ணீர். கீழே ஆறு ஓடினாலும், மேலே சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தில் ஓடையைப் பார்ப்பதே அரிது. மழைநீர் பாறை இடுக்கில் இறங்கிவிடும். ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காகப் பெரும்பாலும் ஒரு குழாய் இருக்கும். ‘நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. எதுவும் எழுதவில்லையா, ஊர்க்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

ரொட்டியை மதியம் 12 மணிக்குள் வாங்கிவிடுங்கள். சின்ன ஊர்க் கடைகள் சாப்பாட்டு நேரத்தில் பூட்டிவிடும். திங்கட்கிழமை பல கடைகள் திறப்பதே இல்லை.

அப்புறம், பூசியெஸ் என்ற ஊருக்கு அருகே, கரையிலிருந்து படகுகளைக் கயிற்றால் இழுத்துச் செல்லப் பாறையைக் குடைந்து அமைத்த பழைய பாதையில் நடப்பவர்கள் அதிகம். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதை.