பழைய கணக்கைப் புது வெர்ஷனுக்கு மாற்றுவது எப்படி? இரண்டே பேர் டீமுக்கு

கோத்தகிரியில் நாங்கள் இரண்டே பேர். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஏஜெண்டுகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து தருகிறோம். யார் எத்தனை கிலோ போட்டார், முன்பணம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, அவ்வளவுதான். புது வெர்ஷனை எழுதியதைவிட, பழைய கணக்கை அதில் ஏற்றியதில்தான் எங்களுக்கு மூச்சு வாங்கியது.

படி 1: நாள் பாருங்கள். தை, மாசியில் பனியால் இலை வரத்து குறைந்திருக்கும். அப்போது வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இலையும் குவியும், கரண்டும் போகும்.

படி 2: நகல். முதலில் மென்பொருளை மூடுங்கள், அப்புறம் கோப்பை நகலெடுங்கள். எஸ்க்யூலைட் (கணக்கை ஒரே கோப்பில் சேமிக்கும் டேட்டாபேஸ்) ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் கடைசிப் பதிவுகள் விடுபடலாம். ஒத்திகை எல்லாம் நகலில்தான், மூலத்தில் கை வைக்க வேண்டாம்.

படி 3: ஒரு தாளில் இடப்பக்கம் பழைய அட்டவணையின் பத்திகள் (காலம்கள்), வலப்பக்கம் புதியவை. ஒவ்வொன்றுக்கும் போகுமிடம் எழுதுங்கள், அல்லது ‘வேண்டாம்’ என்று எழுதுங்கள். ‘குறிப்பு’ என்ற பத்தி இருந்தால் உஷார். கடன், மகன் போன் நம்பர், சண்டை எல்லாம் அதில்தான் கிடக்கும். பழைய உறுப்பினர் எண்ணைப் புதியதிலும் தனிப் பத்தியாக வையுங்கள். ஒரே ஹட்டியில் (படகர் ஊரில்) போஜன் என்ற பெயரில் நாலு பேர் இருப்பார்கள், பெயரை வைத்து இணைத்தால் ஒருவர் பணம் இன்னொருவருக்குப் போகும்.

படி 4: எழுத்து. நாங்கள் அடிவாங்கிய இடம் இது. முதல் ஒத்திகையில் ஊர்வாரி அறிக்கையில் கோத்தகிரி இரண்டு முறை வந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறை) ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ‘கொ’, ‘கௌ’ வரிசைகளிலும் இதே கதை. மருந்து எளிது. தமிழ்ப் பத்திகள் எல்லாவற்றையும் ஏற்றுவதற்கு முன் என்எஃப்சி முறையில் (பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் முறை) சீராக்குங்கள். பைத்தானில் ஒரு வரி வேலை. புது வெர்ஷனில் தட்டச்சு செய்யும் பெட்டியிலும் அதையே செய்யுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கே மறுபடி முளைக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் டேட்டாவுக்கு இது உதவாது. அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.

படி 5: பழையதிலிருந்து எடுத்த டேட்டா சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இருந்தால், இடையில் அதை எக்செலில் திறந்து சேமிக்காதீர்கள். 15 இலக்கத்துக்கு மேல் எக்செல் வைத்துக்கொள்ளாது. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் சுழியாகிவிடும், பழைய எக்செலில் எச்சரிக்கையே வராது. முன்னால் இருக்கும் சுழிகளும் போய்விடும்.

படி 6: ஒப்பிடுங்கள். உறுப்பினர் எண்ணிக்கை, மாதவாரி கிலோ, மொத்த பாக்கி. ஒரு பைசா இடித்தாலும் நிறுத்துங்கள். மொத்தம் சரியாக வந்தும் ஆள் மாறியிருக்கலாம். அதனால் 20 பேரை எடுத்து ஏஜெண்டின் கைநோட்டோடு சரிபாருங்கள். டேட்டாவை மாற்றும் ஸ்கிரிப்டை (சிறு நிரலை) எழுதியவர் இதைச் செய்யக்கூடாது, மற்றவர் செய்யட்டும். தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது.

எல்லாம் ஒத்துப்போனால் ஒரு சாயங்காலம், அன்றைய இலை எடை முடிந்தபின், உண்மையான கோப்பில் இதையே ஓட்டுங்கள். பழைய வெர்ஷனைப் படிக்க மட்டும் திறந்து வையுங்கள், அடுத்த பட்டுவாடா முடியும்வரை அழிக்க வேண்டாம். அதன் ஐகானையும் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். எங்கள் ஏஜெண்ட் ஒருவர் மூன்று நாள் இலையைப் பழக்கதோஷத்தில் பழையதிலேயே எழுதிவிட்டார்.