பவர் பேங்க்கோடு விமானம் ஏறுவதற்கு முன்: லேபிளைப் படித்துக் கணக்குப் போடுவது எப்படி

போன பயணத்தில் என் பவர் பேங்க்கை செக்யூரிட்டி மேஜையிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அளவில் எந்தத் தவறும் இல்லை. மூன்று வருஷமாகப் பைக்குள் சாவிக்கொத்தோடு உரசியதில், அடிப்பக்கம் அச்சிட்டிருந்த எழுத்து அழிந்துபோயிருந்தது. சோதனை செய்த அதிகாரி அதை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒரு 2, அதன் பின்னால் இரண்டு பூஜ்யம், அவ்வளவுதான் தெரிந்தது. "எத்தனை வாட் அவர் என்று தெரியாமல் அனுப்ப முடியாது" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அன்றைக்குப் பிறகு விதிகளை உட்கார்ந்து படித்தேன். இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் நான் செய்வதை அதே வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: பேட்டரி இருக்கும் எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள்

போன், லேப்டாப், கேமரா, ஹெட்போன், டிரிம்மர், மின்சார பல் துலக்கி, பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரிகள். பிறகு இரண்டு குவியலாகப் பிரியுங்கள். சாதனத்துக்குள்ளேயே இருக்கும் பேட்டரி ஒரு பக்கம், தனியாக இருக்கும் பேட்டரி இன்னொரு பக்கம். பவர் பேங்க் இரண்டாவது குவியலில் சேரும். அதைப் பலர் சாதனம் என்று நினைக்கிறார்கள். விமான விதிகளில் அது உதிரி பேட்டரி.

இரண்டாவது குவியல் முழுக்கக் கைப்பையில்தான் போக வேண்டும். செக்-இன் பெட்டியில் ஒன்றுகூட வைக்கக்கூடாது. இ-சிகரெட்டும் அப்படித்தான்.

படி 2: வாட் அவர் கணக்கு

நான் அதிகம் குழம்பியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

விமான நிறுவனங்கள் பார்ப்பது வாட் அவர், அதாவது பேட்டரி சேமித்து வைக்கும் மொத்த ஆற்றல். கடையில் நம்மிடம் சொல்வதோ எம்.ஏ.ஹெச் (mAh, மில்லி ஆம்பியர் ஹவர்). ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற, எம்.ஏ.ஹெச் எண்ணை 1,000-ஆல் வகுத்து வோல்ட்டால் பெருக்க வேண்டும். சரி, எந்த வோல்ட்? பவர் பேங்க்கின் மேல் 5 வோல்ட் என்று போட்டிருக்கும். நான் அதை எடுத்துப் பெருக்கினேன். 27,000 எம்.ஏ.ஹெச்சுக்கு 135 வந்தது. கொண்டுபோக முடியாது போலிருக்கிறது என்று ஒரு முறை அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

அந்த 5 வோல்ட், கேபிள் வழியாக வெளியே வரும் மின்சாரத்தின் அழுத்தம். உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் செல்லின் வோல்ட் வேறு, பெரும்பாலும் 3.7. பெரிதாக அச்சிட்டிருக்கும் எம்.ஏ.ஹெச் எண்ணும் செல்லுக்கு உரியதுதான். எனவே 27 × 3.7 = 99.9. அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய நூறுக்கு உள்ளேதான் இருக்கிறது! கடைகளில் 26,800, 27,000 என்ற அளவுகள் கிடைப்பதற்கும் இந்த நூறுதான் காரணம். 10,000 என்றால் 37 வாட் அவர். 20,000 என்றால் 74. 30,000 என்றால் 111, வரம்பைத் தாண்டிவிட்டது.

லேப்டாப், டிரோன் பேட்டரிகளில் பல செல்களைத் தொடராக இணைத்திருப்பார்கள், அதனால் வோல்ட் கூடும். 15.4 வோல்ட், 5,000 எம்.ஏ.ஹெச் என்று போட்டிருந்தால் 77 வாட் அவர். லேபிளில் வாட் அவரே அச்சாகியிருந்தால் கணக்கே வேண்டாம், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி வரம்பு. 100 வரை அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும், உதிரியாக இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் இடமே இல்லை. 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் கொண்ட மின்சார சைக்கிள் பேட்டரி 360 வாட் அவர். அதைக் கேட்டுப் பார்க்கவே வேண்டாம்.

படி 3: முனைகளை மூடுங்கள்

உதிரி பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒரு நாணயமோ சாவியோ சேர்த்துத் தொட்டால் போதும், ஷார்ட் ஆகிச் சூடாகும். முனையில் டேப் ஒட்டலாம், ஆனால் பிசின் ஒட்டிக்கொள்கிறது. எனக்குப் பிடித்தது கெட்டியான சிறு பிளாஸ்டிக் டப்பா. ஒரு பேட்டரிக்கு ஒன்று. விலை கொடுத்து வாங்கவும் தகும்.

பவர் பேங்க் வாங்குவதாக இருந்தால் 20,000-க்கு மேல் போகாதீர்கள். வாட் அவர் அச்சாகியிருப்பதை மட்டும் வாங்குங்கள். என்னுடையதில் அந்த எழுத்தின் மேல் ஒளிபுகும் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். உப்பியது, வளைந்தது, தயாரிப்பாளர் திரும்பப் பெற்றுக்கொண்டது எதையும் எந்தப் பையிலும் எடுத்துப் போகாதீர்கள்.

படி 4: செக்-இன் பெட்டி

லேப்டாப்பை அதில் வைத்தே ஆக வேண்டுமென்றால் முழுவதும் அணைத்துவிடுங்கள். மூடி வைத்தால் தூங்கும், அணையாது. டிரிம்மரின் சுவிட்சைப் பூட்டுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? லித்தியம் செல் ஒன்று கட்டுமீறிச் சூடானால் அந்தச் சூடு பக்கத்துச் செல்லுக்கும் தாவும். சரக்கு அறையில் இருக்கும் ஹாலன் வாயு தீச்சுடரை அடக்கும், ஆனால் செல்லுக்குள் நடக்கும் வேதிவினையை நிறுத்தாது. அதைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டும், ஊற்ற ஆள் வேண்டும். கேபினில் இரண்டும் இருக்கின்றன.

படி 5: ஏறிய பிறகு

2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படும் முன் தீப்பிடித்தது. தீ தொடங்கியது தலைக்கு மேலுள்ள பெட்டியில். பவர் பேங்க் காரணமாக இருக்கக்கூடும் என்றது விசாரணை. அந்த மார்ச் 1 முதல் அந்நாட்டு விமானங்களில் பவர் பேங்க்கை மேல் பெட்டியில் வைக்கத் தடை. ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் அதைப் பயன்படுத்துவதையே தடுத்தது. அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸும் தடுத்தது, அதோடு ஓர் ஆளுக்கு ஒன்று மட்டும் என்றது. உங்கள் விமான நிறுவனத்தின் பக்கத்தைப் பயணத்துக்கு முந்தின நாள் பார்த்துவிடுங்கள். நான் எப்போதும் முன் இருக்கையின் பைக்குள், கண்ணில் படும்படி வைக்கிறேன்.

போன் இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையை அசைக்காதீர்கள். சாய்க்கும் கம்பி போனை நசுக்கினால் அங்கேயே தீப்பிடிக்கலாம். பணிப்பெண்ணையோ பணியாளரையோ கூப்பிடுங்கள்.

பிற்சேர்க்கை 1: இதைப் படித்த ஒருவருக்கு நேர்ந்தது எனக்குத் தோன்றவே இல்லை. விமானம் நிரம்பிவிட்டதால் கேட்டில் அவருடைய கைப்பையை வாங்கிச் சரக்கு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். பவர் பேங்க் உள்ளே! அப்படிப் பையைக் கேட்டால் உதிரி பேட்டரிகளை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். இப்போது எல்லாவற்றையும் ஒரே ஜிப் பைக்குள் போட்டு, கைப்பையின் மேல்பக்கம் வைக்கிறேன். ஒரே இழுப்பில் வந்துவிடும். போனைச் சார்ஜ் செய்ய உள்ளேயே பேட்டரி பொருத்திய சூட்கேஸுக்கும் இதே கதைதான். பேட்டரியைக் கழற்ற முடியாத மாடலை வாங்காதீர்கள்.

பிற்சேர்க்கை 2: பெட்டியைத் தேட உதவும் ஏர்டேக் போன்ற சிறு கருவியைச் செக்-இன் பெட்டியில் வைக்கலாமா என்று பலர் கேட்டார்கள். வைக்கலாம். அதிலுள்ள காசு வடிவ பேட்டரியில் லித்தியம் சுமார் 0.1 கிராம்தான், வரம்பு 0.3 கிராம்.

பிற்சேர்க்கை 3: மின்சார சக்கர நாற்காலிக்கு மேலே சொன்ன 160 பொருந்தாது. அதற்கு விதி தனி. கழற்றக்கூடிய பேட்டரி 300 வாட் அவர் வரை அனுமதி, கழற்றியதைக் கேபினில் கொண்டுபோக வேண்டும். டிக்கெட் எடுத்த கையோடு விமான நிறுவனத்துக்கு போன் செய்து, பேட்டரி லேபிளின் புகைப்படத்தையும் அனுப்பிவிடுங்கள்.