பதவிப் பெயர் போதாது: அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பத்தில் தலைமைப் பண்பை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புக்கு பிளஸ் டூ முடித்து விண்ணப்பிப்பவர், 8 கேள்விகளில் 4க்குப் பதில் எழுத வேண்டும். ஒவ்வொரு பதிலும் 350 சொற்களைத் தாண்டக் கூடாது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் என்று எந்த வளாகத்துக்கு விண்ணப்பித்தாலும் போவது அதே பதில்கள்தான். முதல் கேள்வியே தலைமைப் பண்பு: பிறரிடம் நல்ல மாற்றத்தை உண்டாக்கிய, சச்சரவைத் தீர்க்க உதவிய, அல்லது ஒரு குழுவின் வேலைக்குத் தொடர்ந்து கைகொடுத்த அனுபவம் ஒன்றை விவரிக்கச் சொல்கிறது. பள்ளியில் பொறுப்பு வகித்தவர்களுக்கு இது எளிதாகத் தெரியும். சறுக்குவதும் இங்கேதான்.

முதல் தவறு, பதவியையே பதிலாக எழுதுவது. மாணவர் தலைவர், ஹவுஸ் கேப்டன், என்.எஸ்.எஸ். குழுத் தலைவர் என்பதெல்லாம் செயல்பாடுகள் பட்டியலிலேயே வந்துவிடும். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் (Common App) விண்ணப்பத்திலும் அப்படித்தான்: 10 செயல்பாடுகள் வரை சேர்க்கலாம், பதவிப் பெயருக்கு 50 எழுத்து, என்ன செய்தீர்கள் என்பதற்கு 150 எழுத்து இடம் உண்டு. கட்டுரையைப் படிப்பவர் கையில் அந்தப் பட்டியலும் இருக்கிறது. அதையே கட்டுரையில் விரித்து எழுதினால் அவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. நான்கு பதவிகளை ஒரே பதிலில் அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் 90 சொல்கூடத் தேறாது. ஒரே ஒரு நிகழ்வை எடுங்கள்.

அடுத்தது, மேற்கோளோடு தொடங்குவது. அப்துல் கலாம் சொன்னதாக ஒரு வாசகம், தலைவன் என்பவன் யார் என்று ஒரு விளக்கம். இதிலேயே 60 சொல் போய்விடும். 350இல் அது ஆறில் ஒரு பங்கு. உங்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது பொத்தாம்பொதுவான எழுத்துதான். ஒரு மாதிரியைப் பாருங்கள்: “அறிவியல் கண்காட்சிக் குழுவுக்குத் தலைவராக இருந்தேன். பல சவால்களைச் சந்தித்தோம். விடாமுயற்சியாலும் ஒற்றுமையாலும் வெற்றி பெற்றோம்.” எந்தப் பள்ளியிலும் யாரும் இதை எழுதலாம். அதே அனுபவத்தை இப்படி எழுதிப் பார்க்கலாம்: “குழுவில் 6 பேர். மாலை நாலரை மணி ஒத்திகைக்கு இரண்டு பேர் வருவதே இல்லை. அக்கறை இல்லாதவர்கள் என்று முடிவு கட்டி, அவர்கள் பகுதியையும் நானே செய்தேன். இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர்கள் ஊருக்கு 4:40 பஸ்ஸை விட்டால் வேறு பஸ் கிடையாது. ஒத்திகையை மதிய இடைவேளைக்கு மாற்றினேன். கிடைப்பது 25 நிமிடம் என்பதால் செய்முறையை மூன்றாகப் பிரித்து, நாளுக்கு ஒன்றாகப் பழகினோம்.”

இரண்டாவதில் தலைமை என்ற சொல்லே இல்லை. ஆனால் ஒரு தவறான முடிவு, அதைத் திருத்திய கேள்வி, அதன்பின் எடுத்த ஏற்பாடு மூன்றும் தெரிகின்றன. வராதவர்களைச் சோம்பேறிகளாகக் காட்டாததையும் கவனியுங்கள். மற்றவர்கள் எல்லாரும் கைவிட்டார்கள், நான் ஒருத்தி தூக்கி நிறுத்தினேன் என்ற தொனி தலைமைக்கு நேர் எதிரான சாட்சி. குழுவில் இன்னொருவர் சொன்ன யோசனையை ஏற்றுக்கொண்டதை எழுதுவதால் உங்கள் மதிப்பு குறையாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தன்னைப் பற்றிப் பேசினால் தலைக்கனம் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள், முதல் வரியிலிருந்து கடைசி வரை “நாங்கள் செய்தோம்” என்றே எழுதிவிடுகிறார்கள். பணத்தை யார் திரட்டினார், தலைமையாசிரியரிடம் யார் பேசினார், தகராறு வந்தபோது யார் நடுவில் நின்றார் என்பது புரியாமல் போகிறது. வரைவில் “நாங்கள்” வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிட்டு, அதில் உங்கள் கை எது என்று கேட்டு, அந்த வாக்கியங்களை மட்டும் “நான்” என்று மாற்றுங்கள்.

பெரிய எண்களும் காப்பாற்றாது. “500 மரக்கன்றுகள் நட்டோம்” என்றால், அடுத்த கோடையில் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்ற கேள்வி உடனே எழும். விண்ணப்பிக்கும் ஆண்டில் அவசரமாக ஆரம்பித்த தொண்டு அமைப்பும் இதே சிக்கலில் மாட்டும். ஐந்து ஜூனியர் மாணவர்களுக்கு ஓராண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்தது, சிறியதானாலும், தொடர்ச்சி உள்ளது. கூட்டியும் சொல்லாதீர்கள். விண்ணப்பங்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, எழுதியதற்கு ஆதாரம் கேட்கும் வழக்கம் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு உண்டு.

வீட்டுப் பொறுப்பை மறைப்பதுதான் மிகவும் வருந்த வைக்கும் தவறு. அம்மா வேலைக்குப் போனதும் தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது, பாட்டிக்கு மாத்திரை நேரம் பார்ப்பது, அப்பாவின் கடையில் கணக்கு எழுதுவது: இவற்றைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். தலைமை பள்ளிக்குள் மட்டும் இருக்க வேண்டியதில்லை, குடும்பத்தைக் கவனித்துக்கொள்கிறீர்களா என்று அந்தக் கேள்வியின் விளக்கக் குறிப்பே கேட்கிறது. எந்தப் பதவியும் கிடைக்காத மாணவருக்கு இது திறந்த கதவு. பரிதாபம் கோராமல், என்ன முடிவெடுத்தீர்கள், எப்படி ஏற்பாடு செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

350 சொற்களை இப்படிப் பிரிக்கலாம்: சூழலுக்கு 50, சிக்கலுக்கு 60, நீங்கள் செய்ததற்கு 150, விளைவுக்கு 50, அதன்பின் உங்கள் நடத்தையில் வந்த மாற்றத்துக்கு 40. பெரும்பாலான வரைவுகளில் சூழலே 150 சொல்லைத் தின்றுவிடுகிறது. காமன் ஆப்புக்காக எழுதிய 650 சொல் கட்டுரையை அங்கங்கே வெட்டி இங்கே ஒட்டினாலும் இதுதான் நடக்கும். பின்னணி தங்கிவிடும், செயல் போய்விடும். புதிதாக எழுதுவதே சுலபம்.

கடைசிப் பத்தியில் “ஒற்றுமையே பலம் என்று கற்றேன்” என்பதற்குப் பதில், அதன்பின் வேறு விதமாகச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். மேலே சொன்ன அறிவியல் கண்காட்சி மாதிரியை எழுதிய மாணவி என்றால், அடுத்த குழுவில் நேரம் குறிப்பதற்கு முன் ஒவ்வொருவரும் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்டதை எழுதலாம்.

அனுப்புவதற்கு முன், வரைவை ஆங்கில ஆசிரியரிடம் மட்டும் காட்டாமல், அந்தக் குழுவில் உங்களோடு இருந்த ஒருவரிடமும் கொடுங்கள். இலக்கணப் பிழை அவர் கண்ணில் படாமல் போகலாம். “அந்த யோசனை என்னுடையது இல்லையா?” என்று அவர் கேட்டால், அந்த வாக்கியத்தைத் திருத்தியே ஆக வேண்டும்.