பிரெஞ்சுச் சொல்லின் ஜேர்மானிய வேரைத் தேடிக் கண்டறியும் முறை

பாரிசில் உள்ள உறவினரிடம் போகும் எண்ணத்தோடு வன்னியில் பிரெஞ்சு படிப்பவர்கள் தொடக்கத்திலேயே ‘கஞே’ என்ற வினைச்சொல்லைச் சந்திப்பார்கள். காசு உழைத்தல், போட்டியில் வெல்லுதல், ஓரிடத்தைச் சென்றடைதல், நேரத்தை மிச்சப்படுத்துதல் என அதன் பொருள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதவைபோலத் தோன்றினாலும், வேரைத் தெரிந்துகொண்டால் மனதில் நிற்கும்.

முதலில் ‘த்ரெசோர் த லா லாங் பிரான்சேஸ்’ என்ற பேரகராதியை இணையத்தில் திறவுங்கள். 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக அச்சில் வந்த அது இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. ஜீ, ஏ, ஜீ, என், ஈ, ஆர் என்று தட்டெழுதி, பதிவின் இறுதியில் வரும் சொற்பிறப்புப் பகுதிக்கு நேரே செல்லுங்கள். அங்கே ‘வைதன்யன்’ என்ற பிராங்க்கிய வடிவத்தின் முன்னால் ஓர் உடுக்குறி (*) இருக்கும். இன்றைய பிரான்சுப் பகுதியான கோல் நாட்டின் வடபகுதியில் குடியேறி ஆண்ட, ஜேர்மானிய இனத்தவரான பிராங்க்கியர் தம் மொழியில் ஏறக்குறைய எதையும் எழுதிவைக்கவில்லை. ஆகவே அவ்வடிவம் ஏட்டில் கண்டதன்று, உறவு மொழிகளை ஒப்பிட்டு மீட்டமைத்தது என்பதே அக்குறியின் பொருள்.

அடுத்து ஒலியைச் சோதியுங்கள். சொல்லின் முதலில் நின்ற ஜேர்மானிய வகர ஒலி பிரெஞ்சில் ககரமாக மாறும்: ‘வெர்ரா’ போரைக் குறிக்கும் ‘கேர்’ ஆயிற்று, ‘வர்தோன்’ காத்தலைக் குறிக்கும் ‘கார்தே’ ஆயிற்று. வட பிரான்சின் நோர்மண்டிப் பேச்சு பழைய வகரத்தை விடவில்லை. அதனாலேயே அவ்வழியாக ஆங்கிலத்துக்குப் போன ‘வார்’ வகரத்தோடு நிற்கிறது. இப்படிப் பல சொற்கள் ஒரே விதிக்கு அடங்கினாலன்றி ஒலி ஒற்றுமையை நம்பக்கூடாது.

பொருளைத் தேடும்போதுதான் அவசரப்படாமல் இருக்கவேண்டும். வேர்ச்சொல் இரை தேடுதலையும் மேய்தலையும் குறித்தது. மேய்ச்சல் தரைக்கு ஜேர்மன் மொழியில் இன்றும் ‘வைட’ என்றே பெயர். பழைய பிரெஞ்சில் அது நிலத்தைப் பண்படுத்துதல் என்றும் விரிந்து, பின்னர் உழைத்துப் பெறுதல், வெல்லுதல் என நகர்ந்தது. முதல் வெட்டுக்குப் பின் மறுபடி தழைக்கும் புல்லுக்குரிய ‘ரகேன்’ என்ற சொல்லும் இக்குடும்பமே. அரிவு வெட்டு முடிந்த வயலில் அடிக்கட்டைகள் துளிர்க்கப் பட்டி மாடுகள் இறங்குவதைக் கண்டவருக்கு இந்த உறவை விளக்கத் தேவையில்லை.

ஆனால், 400ஆம் குறளில் ‘மாடு’ செல்வத்தைக் குறிப்பதைக் காட்டி இரு மொழிகளையும் உறவாக்கிவிட வேண்டாம். கால்நடையோடு வாழ்ந்த மக்கள் ஒரே திசையில் எண்ணினார்கள் என்பதற்கு மேல் அது எதையும் நிறுவாது.

பயிற்சிக்கு, வேலியைக் குறிக்கும் ‘ஏ’ என்ற சொல்லை எடுக்கலாம். எழுத்தில் மட்டும் நிற்கும் அதன் ஹகரம் முன்வரும் ‘லா’ என்ற சுட்டுச்சொல்லை ‘ல்’ எனக் குறுகவிடாது, இத்தடை பிராங்க்கிய வேரின் நல்ல அடையாளம். எனினும் உயரத்தைக் குறிக்கும் ‘ஓ’ இலத்தீனில் பிறந்தும் பிராங்க்கியரிடம் ஹகரத்தைப் பெற்றுக்கொண்ட சொல். ஆதலால் அங்கும் அகராதியைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும்.