இரைப்பைப் புற்றுநோய்: பரவுமா, திரும்ப வருமா என்று சொல்லும் வரிகளை ரிப்போட்டில் தேடுவது எப்படி

மாமாவுக்கு இரைப்பை ஒப்பரேசன் முடிந்து கிளிநொச்சிக்குக் கூட்டிவந்த பிறகு, வீட்டில் எல்லாரும் ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரத்தத்தில் சீ.ஈ.ஏ. (புற்றுநோய் இருந்தால் ஏறக்கூடிய ஒரு புரதம்) 6.1. "அஞ்சுக்குள்ளதானே இருக்கவேணும்?" என்று மாமி அழுதா. அதைவிடப் பெரிய சேதி ஒருவரும் விரித்துப் பார்க்காத இன்னொரு தாளில் இருந்தது. நான் டொக்டர் இல்லை. கிளினிக் வாங்கில் குந்தியிருந்து கேட்டுக் கேட்டுப் பிடித்ததைத்தான் எழுதுகிறேன்.

படி 1: தாள்களைச் சேருங்கள்

கமரா விட்டு எடுத்த துண்டின் பயொப்சி ரிப்போட், வெட்டியெடுத்த இரைப்பையின் நோயியல் ரிப்போட், இரத்த ரிப்போட்டுகள். புற்றுநோய் வைத்தியத்துக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மகரகம ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இவற்றைக் கேட்பார்கள். கொப்பியைக் கொடுங்கள், மூலத்தைக் கையில் வைத்திருங்கள். 2009இல் காணி உறுதியை ஷொப்பிங் பையில் சுற்றிக் காவிவந்த சனத்துக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

படி 2: நெறிக் கணக்கைப் பாருங்கள்

நோயியல் ரிப்போட்டில், மாமாவுக்கு இருந்த 4/21 என்பதுபோல ஒரு வரி இருக்கும். 21 நிணநீர் முடிச்சுகளைப் பார்த்ததில் 4இல் புற்றுநோய் இருந்தது என்று அர்த்தம். எங்கட சனம் நெறி என்று சொல்லுவது இந்த முடிச்சுகளைத்தான். இரைப்பையில் இருந்து நோய் நிணநீர் வாய்க்கால் வழியே வெளிக்கிட்டால் அனேகமாக முதலில் தங்குவது இங்கேதான். நோய் கண்ட நெறிகளின் கணக்கை 'என்' (N) என்ற எழுத்தோடு எழுதுவார்கள்: 1 அல்லது 2 என்றால் என்1, 3 முதல் 6 வரை என்2, 7 அல்லது அதற்கு மேல் என்3. எண் ஏற ஏற, திரும்ப வரும் வாய்ப்பும் ஏறும்.

கீழே உள்ள எண்ணையும் விடாதீர்கள். குறைந்தது 16 முடிச்சாவது பார்த்திருக்கவேண்டும். 0/6 என்று கண்டு சந்தோசப்பட முடியாது, ஆறைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

படி 3: ஆழமும் சாதியும்

நோய் இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் போனது என்பதை 'ரீ' (T) என்ற எழுத்து சொல்லும். ரீ1 என்றால் உள் படைகளோடு நிற்கிறது. ரீ4ஏ என்றால் வெளிச் சவ்வையும் துளைத்துவிட்டது. வரம்பு உடைந்த வயல்போல, கலங்கள் வயிற்றுக்குள் சிந்தி வயிற்றறைச் சவ்வில் முளைக்கக்கூடும். 'பரந்த வகை', 'முத்திரை மோதிரக் கலம்' என்ற பொருளில் எழுதியிருந்தால் அதுவும் இந்தச் சவ்வு வழியைத்தான் அதிகம் பிடிக்கும். 'குடல் வகை' இரத்தத்தோடு ஈரலுக்குப் போகப் பார்க்கும். இந்தப் பிரிப்பை லோறன் என்பவர் 1965இல் கொண்டுவந்தார். இன்றைக்கும் அதையே எழுதுகிறார்கள்.

படி 4: சாயப் பரிசோதனைகள்

ஹேர்-2 என்பது கலத்தின் மேலுள்ள ஒரு புரதம். 0, 1+ என்றால் இல்லை, 3+ என்றால் உண்டு. 2+ என்றால் மரபணுவை எண்ணும் இன்னொரு பரிசோதனை செய்தால்தான் தெரியும். இது எதிர்காலத்தைச் சொல்லும் குறி என்பதைவிட, நோய் முற்றியவர்களுக்கு ட்ரஸ்டுசுமாப் மருந்து உதவுமா என்று காட்டும் குறி. எம்.எஸ்.ஐ. என்பது கலம் தன் மரபணுப் பிழைகளைத் திருத்த முடியாமல் போனதைக் காட்டும் குறி. அது 'உயர்' என்று இருந்தால் பயப்படாதீர்கள். ஒப்பரேசன் செய்தவர்களில் இந்த வகைக்கு நோய் திரும்புவது பொதுவாகக் குறைவு.

படி 5: இரத்த எண்களைக் கோடாகப் பாருங்கள்

ஒரு எண் ஒன்றும் சொல்லாது. சீ.ஈ.ஏ. புகைப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். மாமா நாற்பது வருசமாய்ச் சுருட்டுக்காரர், ஆஸ்பத்திரி மதிலுக்குப் பின்னாலும் ஒன்று பற்றவைத்த ஆள். சீ.ஏ. 19-9 என்ற இன்னொரு இரத்தக் குறிக்கு எல்லை 37. பித்தக்குழாய் அடைத்தாலே அது ஏறும். சிலருக்குப் பிறப்பிலேயே அது சுரப்பதில்லை. எண் சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது, பலருக்கு இவை ஏறுவதே இல்லை.

ஒரே லாப்பில் எடுங்கள், முறை மாறினால் எண்ணும் மாறும். திகதியும் எண்ணும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அடுத்தடுத்து ஏறினால் அடுத்த கிளினிக் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் காட்டுங்கள், ஸ்கான் தேவையா என்று அவர்கள் சொல்லுவார்கள். திரும்ப வருவதில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று வருசத்துக்குள் வருவதால் அந்தக் காலத்தில் ஒரு தவணையும் தவறவிடாதீர்கள்.

மாமா சுருட்டை விட்டு நாலு மாதம். கொப்பியில் 6.1க்குக் கீழே 4.3, அதற்குக் கீழே 3.9. மாமி இப்ப 4/21 என்ன என்று கேட்கத் தொடங்கியிருக்கிறா.