உயர்தர வரலாறு: தெரிந்த கதையிலேயே புள்ளி போகும் இடங்கள்

இலங்கை உயர்தர வரலாற்றுத் தாளில், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை (குடியுரிமை) பற்றி வினா வந்தால் மலையகப் பிள்ளைகள் துணிந்து எழுதத் தொடங்குவார்கள். தாத்தாவும் அம்மாயியும் சொல்லக் கேட்ட கதை அது. அந்தத் துணிச்சலிலேயே "1948 இல் பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டன" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது பெரிய தவறு. அந்த ஒரு வரிக்குள் மூன்று சட்டங்கள் ஒளிந்திருக்கின்றன.

1948 இன் 18 ஆம் இலக்கச் சட்டம் பிரஜாவுரிமைக்கு வம்சாவளிச் சான்று கேட்டது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்தவர் என்பது போன்ற ஆதாரம் வேண்டும். பிறப்புப் பதிவே இல்லாத லயத்துக் (தோட்டத்து வரிசை வீடுகளின்) குடும்பங்கள் அங்கேதான் அடிபட்டன. 1949 இன் 3 ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பிக்க வழிவிட்டது. ஆனால் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் 1946 ஜனவரி 1 க்கு முன் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். வாக்குரிமையை எடுத்தது 1949 இன் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். கொப்பியில் ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கம் ஒதுக்கி, இலக்கம், நிபந்தனை, விளைவு என மூன்றையும் எழுதி வையுங்கள். பிறகு குழப்பம் வராது.

ஒப்பந்தக் கணக்கிலும் இதே சிக்கல்தான். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்ற 9,75,000 பேரைப் பற்றியது: இந்தியா ஏற்பது 5,25,000, இலங்கை ஏற்பது 3,00,000, மிச்சம் 1,50,000. 1974 இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் தலா 75,000 எனப் பங்கிட்டது அந்த மிச்சத்தைத்தான். அதைப் புதுத்தொகையாகக் கூட்டினால் விடையே பிழை.

"தேயிலைக்காக நம்மவரைக் கொண்டுவந்தார்கள்" என்பதும் பாதி உண்மை. முதலில் வந்தது கோப்பிக்கு. கோப்பிக்கு ஆள் தேவை அறுவடைக் காலத்தில்தான் கூடும். அதனால் பலர் மன்னார், மாத்தளை வழியே நடந்து வந்து, வேலை முடிந்ததும் திரும்பிப் போனார்கள். 1869 இல் கண்ட இலைநோய் கோப்பியை அழித்தது. அடுத்து வந்த தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டும். குடும்பங்கள் தோட்டத்தில் நிலைத்ததற்குக் காரணம் இதுவே. இந்தக் காரணத்தை எழுதாமல் ஆண்டுகளை மட்டும் அடுக்கினால் கட்டுரையில் விளக்கம் இருக்காது.

நேரத்தையும் கணக்குப் பாருங்கள். மூன்று மணித்தியாலத்தில் ஐந்து விடை என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம். முதல் 5 நிமிடம் குறிப்புச் சட்டகத்துக்கு. பிடித்த வினாவுக்கு ஒரு மணித்தியாலம் கொடுத்தால் கடைசி விடை பாதியில் நிற்கும்.

வரைபடத்தில், கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான 1815 உடன் நாடு ஒரே நிர்வாகமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். கண்டிப் பகுதி 1833 வரை தனி நிர்வாகத்தில் இருந்தது. அந்த ஆண்டு பிரித்தது ஐந்து மாகாணங்கள் மட்டுமே. ஊவா 1886 இலும், சப்ரகமுவ 1889 இலும்தான் வந்தன. பதுளையை 1833 வரைபடத்தில் ஊவா மாகாணத்துக்குள் காட்டாதீர்கள்.